ஒரு பட்டனை மாற்றினார், 6 கோடி டாலர் வந்ததாம்!

[திரையில்: ஒபாமாவின் படம், கீழே நான்கு பட்டன்கள்]

2007 டிசம்பர். ஒபாமாவின் பிரசார இணையதளத்துக்குள் நுழைந்தால் முதலில் ஒரு சின்னப் பக்கம் வரும். மேலே ஒரு படம், மின்னஞ்சல் முகவரி எழுத ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு பட்டன், அவ்வளவுதான். அந்தப் பட்டனில் என்ன எழுதலாம்? 'பதிவு செய்யுங்கள்', 'இப்போதே பதிவு செய்யுங்கள்', 'இப்போதே எங்களோடு சேருங்கள்', 'மேலும் அறிய'. வீடியோவை நிறுத்திவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கமென்ட்டில் போடுங்கள். விடை தெரிந்த பிறகு போய் எடிட் செய்யும் ஆசாமிகளை எனக்குத் தெரியும்.

ஆள் யார்? கதாநாயகன் அறிமுகத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். டான் சிரோக்கர், ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல், கூகுளில் குரோம் அணியில் ப்ராடக்ட் மேனேஜர், 2007 நவம்பரில் ஒபாமா கூகுள் அலுவலகத்துக்கு வந்து பேசியதைக் கேட்டார், கேட்ட வேகத்தில் சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டார். பிரசாரக் குழுவில் அவர் அனலிட்டிக்ஸ், அதாவது தரவுகளை அலசும் பிரிவின் இயக்குநர். டேட்டா சயின்டிஸ்ட் என்ற பெயர் அப்போது பரவலாகவில்லை, ஆனால் பார்த்த வேலை அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான்கு பட்டன்கள், மூன்று படங்கள், மூன்று வீடியோக்கள். ஒரு பட்டனோடு ஒரு படமோ ஒரு வீடியோவோ என்று கோத்தால் 24 ஜோடி. தளத்துக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி, 24-இல் ஏதாவது ஒன்றுதான் கண்ணில் படும். மொத்தம் 3,10,382 பேர் வந்தார்கள், அதாவது ஒரு ஜோடிக்குச் சுமார் 13,000 பேர்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பிரசார அலுவலகத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் 'சாமின் வீடியோ' என்ற ஒரு வீடியோவின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். ஒபாமா பேச்சுக்கு மயங்காத ஆள் உண்டா, அசையாத படத்தை விட அவர் பேசுகிற வீடியோதானே இழுக்கும்? நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். முடிவு வந்தது: மூன்று வீடியோக்களும், விதிவிலக்கே இல்லாமல், மூன்று படங்களிடமும் தோற்றன. ஜெயித்தது ஒபாமா மனைவி மக்களோடு நிற்கும் ஒரு சாதாரணக் குடும்பப் படம். பட்டன்? 'மேலும் அறிய'. எதையும் கேட்காத, யாரையும் அவசரப்படுத்தாத, நான்கிலேயே சப்பென்று இருந்த அந்தப் பட்டன்!

[திரையில்: 8.26% → 11.6%]

பழைய பக்கத்தில் நூற்றுக்கு 8.26 பேர் பதிவு செய்தார்கள், புதியதில் 11.6 பேர். மூன்று சொச்சம்தானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். 13,000 பேர் வந்தால் முன்பு 1,070 பேர் சேர்ந்தார்கள், இப்போது 1,500 பேர். இதைப் பிரசாரம் முழுவதற்கும் நீட்டித்து சிரோக்கர் ஒரு கணக்குப் போட்டார். கூடுதலாக 28.8 லட்சம் மின்னஞ்சல் முகவரிகள், முகவரிக்குச் சராசரி 21 டாலர் நன்கொடை, ஆகமொத்தம் 6 கோடி டாலர்.

ஆனால் தலைப்பில் நான் 'வந்தது' என்று போடாமல் 'வந்ததாம்' என்று போட்டதற்குக் காரணம் இருக்கிறது. தானாகத் தேடி வந்து பதிவு செய்தவரும், பட்டன் மென்மையாக இருந்ததால் சும்மா தட்டிவிட்டுப் போனவரும் ஒரே அளவு பணம் கொடுப்பார்கள் என்று நம்பினால்தான் அந்த 6 கோடி. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பதிவு கூடியது நிஜம், டாலர் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

'இந்த வாரம் பழைய பட்டன், அடுத்த வாரம் புதிய பட்டன் வைத்துப் பார்த்தால் போதாதா, எதற்கு இந்தக் குலுக்கல்?' என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். 2008 ஜனவரி 3-ஆம் தேதி, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஐயோவா மாநிலத்தில் நடந்த முதல் போட்டியில் ஒபாமா ஜெயித்தார். அன்று பழைய பட்டனே இருந்தாலும் கூட்டம் அள்ளியிருக்கும். அந்த வாரம் பார்த்து நீங்கள் புதிய பட்டனை வைத்திருந்தால், ஐயோவா வாக்காளர்கள் வாங்கித் தந்த பேரைப் பட்டன் தட்டிக்கொண்டு போயிருக்கும். ஒரே நேரத்தில், ஆளுக்கொன்றாகப் பிரித்துக் காட்டினால் அந்த வம்பே இல்லை.

அப்புறம் தேர்தல் முடிந்தது. கூகுளில் இருந்த பீட் கூமனோடு சேர்ந்து சிரோக்கர் முதலில் குழந்தைகளுக்கான கணக்கு விளையாட்டு ஒன்றைத் தொடங்கினார், அது எடுபடவில்லை. அடுத்து 2010-இல் ஆப்டிமைஸ்லி, இந்த மாதிரிப் பட்டன் சோதனைகளை யாரும் நடத்த உதவும் மென்பொருள் நிறுவனம். ஒரு சின்னப் பட்டனை மாற்றிப் பார்க்கக்கூட என்ஜினியரைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும் என்பதுதான் பிரசாரத்தில் அவர் பட்ட பாடு. ஆப்டிமைஸ்லியில் ஒரே ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் தளத்தில் ஒட்டிவிட்டால் போதும், மார்க்கெட்டிங் ஆட்களே மவுஸால் இழுத்து மாற்றிச் சோதனையைத் தொடங்கலாம்.

சோதனை சுலபமானதும் புதுத் தலைவலி வந்தது. யாருக்கும் பொறுமை இல்லை. காலையில் ஒரு தடவை, டீ குடிக்கும்போது ஒரு தடவை என்று முடிவுகளைக் காட்டும் டாஷ்போர்டைத் திறந்து பார்ப்பார்கள். '95% உறுதி' என்று பச்சை விளக்கு எரிந்த நொடியில் 'ஜெயித்தாச்சு' என்று நிறுத்திவிடுவார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் வெந்த பருக்கை கையில் சிக்கும் வரைக்கும் திரும்பத் திரும்பத் துழாவி எடுத்து, சிக்கியதும் அடுப்பை அணைத்தால் அது பதம் பார்ப்பதா? இரண்டு பட்டனுக்கும் வித்தியாசமே இல்லாவிட்டாலும், சோதனையை முடிவில் ஒரே ஒரு முறை பார்த்தால் 5% நேரம் ஏமாறுவீர்கள். சம இடைவெளியில் பத்து முறை பார்த்து, பச்சை எரிந்ததும் நிறுத்தினால் அது 19% பக்கம் போய்விடும். பார்க்காதீர்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் ஸ்டான்ஃபோர்ட் புள்ளியியல் ஆட்களோடு சேர்ந்து, எத்தனை முறை எட்டிப் பார்த்தாலும் பிசகாத ஒரு கணக்கை உருவாக்கி 2015-இல் ஆப்டிமைஸ்லிக்குள் வைத்தார்கள். மனிதர்களைத் திருத்தாமல் கணக்கைத் திருத்தினார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு அந்தப் பட்டனை விடப் பெரிய விஷயம்.

2020-இல் எபிசர்வர் என்ற மென்பொருள் நிறுவனம் ஆப்டிமைஸ்லியை வாங்கியது, அடுத்த ஆண்டே வாங்கியவர் தன் பெயரை ஆப்டிமைஸ்லி என்று மாற்றிக்கொண்டார். இதே தொழிலில் ஏர்பிஎன்பியின் ஆரம்ப கால டேட்டா சயின்டிஸ்ட் ஒருவர் 'எப்போ' (Eppo) என்ற நிறுவனத்தைத் தொடங்கினார், அதை 2025-இல் டேட்டாடாக் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. நம்ம பக்கமும் ஒருவர் உண்டு: புதுச்சேரியில் படித்து, மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் என்று சுற்றிய விஜயே ராஜி. அவர் 2021-இல் தொடங்கிய ஸ்டாட்சிக்கை 2025 செப்டம்பரில் 110 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக ஓபன்ஏஐ அறிவித்தது. அவருக்குத் தனி வீடியோ வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் போட்டிருக்கிறேன்: ஒபாமா படம், பட்டன் படம், வாயைப் பிளந்த என் மூஞ்சி. யூடியூப் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் காட்டிவிட்டு, எத்தனை பேர் தட்டினார்கள் என்று பார்க்காமல், எதன் வழியாக வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்று பார்த்து முடிவு சொல்லும். உங்களுக்கு வந்தது எது?