மார்ச் 31-க்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்

அனைவருக்கும் வணக்கம். மேடையில் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் இன்றைய பேச்சு கீழே உட்கார்ந்திருக்கும் இளைய ஆடிட்டர்களுக்கு, புதிதாக அலுவலகம் திறந்து மளிகைக் கடைக்காரரையும் ஜாப் ஒர்க் செய்பவரையும் ஓய்வுபெற்ற ஆசிரியரையும் வாடிக்கையாளராக வைத்திருப்பவர்களுக்கு.

நம்மிடம் வருபவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும். "சார், ஏதாவது செய்து வரியைக் குறைக்க முடியுமா?" இதை அவர் ஜூலை மாதம் கேட்கிறார். கணக்கு ஆண்டு மார்ச் 31 அன்றே முடிந்துவிட்டது. பணம் யாரிடமிருந்து, எந்த வழியில், எந்தத் தேதியில் வந்தது, போனது என்பதெல்லாம் எழுதி முடிந்த கதை. வருமான வரி ரிட்டர்ன் என்பது அந்தக் கதையைப் படித்துக்காட்டுவது மட்டுமே. ஆகவே நாம் சம்பாதிக்கும் கட்டணத்துக்கு உரிய வேலை ஜூலையில் இல்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் நாமே அழைத்துக் கேட்கும் நான்கைந்து கேள்விகளில் இருக்கிறது.

ஒரு முன்குறிப்பு. 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. 'மதிப்பீட்டு ஆண்டு' போய் 'வரி ஆண்டு' வந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கான நோட்டீஸ்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே வந்துகொண்டிருக்கும். நம் நாக்கில் ஊறிய பழைய எண்களையே இன்று சொல்கிறேன். புதிய எண்களுக்குப் பழக நமக்குச் சில ஆண்டுகள் ஆகும். கணக்குகளை 2025-26 விகிதத்தில் போட்டிருக்கிறேன்.

முதலில் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு. சிறு வியாபாரிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பெரிய சலுகை இது. விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 3 கோடி. முன்கூட்டிய வரியையும் நான்கு தவணையாகக் கட்ட வேண்டியதில்லை. மார்ச் 15-க்குள் ஒரே தவணை போதும்.

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி. யுபிஐயில் 90 லட்சம், ரொக்கத்தில் 60 லட்சம். ஆறு சதவீதத்தில் 5 லட்சத்து 40 ஆயிரம், எட்டு சதவீதத்தில் 4 லட்சத்து 80 ஆயிரம், ஆக 10 லட்சத்து 20 ஆயிரம் வருமானம். கடை அவருடைய தனிப் பெயரில் இருந்து, வேறு வருமானம் இல்லாவிட்டால், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு. வரி ஒன்றுமில்லை.

இதே கடையை அப்பாவும் மகனும் கூட்டு நிறுவனமாக நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் எத்தனையோ கடைகள் அப்படித்தான், தாத்தா காலத்துப் பத்திரத்தோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. கூட்டு நிறுவனத்துக்கு அடுக்கு விகிதம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதம், அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ் என்னும் மேல்வரி. அதே 10 லட்சத்து 20 ஆயிரத்துக்கு 3 லட்சத்து 18 ஆயிரத்து 240 ரூபாய் வரி. 44ஏடியில் காட்டினால் கூட்டாளிகளின் சம்பளத்தைத் தனியாகக் கழிக்கவும் முடியாது. நல்லது செய்வதாக நினைத்துக் குறுக்குவழியில் ரிட்டர்ன் போட்ட ஆடிட்டர், அந்தக் குடும்பத்துக்கு மூன்று லட்சம் செலவு வைத்துவிட்டார்!

மாற்று வழி என்ன? முறையாகக் கணக்கு எழுதி, தணிக்கை செய்து, பணிபுரியும் கூட்டாளிகளுக்குச் சம்பளம் கொடுக்கலாம். கூட்டாளி சம்பளத்தைக் கழிப்பதற்கு முந்தைய புத்தக லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம், அதற்கு மேல் 60 சதவீதம் வரை சம்பளமாகக் கழிக்க அனுமதி உண்டு. நம் உதாரணத்தில் உண்மையான லாபமும் அதே 10 லட்சத்து 20 ஆயிரம் என்றால் 7 லட்சத்து 92 ஆயிரம் கழிகிறது. நிறுவனத்தின் வருமானம் 2 லட்சத்து 28 ஆயிரம், வரி 71 ஆயிரத்துச் சொச்சம். அப்பாவுக்கும் மகனுக்கும் தலைக்கு 3 லட்சத்து 96 ஆயிரம். அது வரி தொடங்காத 4 லட்சம் என்ற அடிப்படை வரம்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. தணிக்கைக் கட்டணம் போனாலும் பெரும் லாபம்.

ஆனால் அந்தச் சம்பளத்தைக் கூட்டு ஒப்பந்தப் பத்திரம் அனுமதித்திருக்க வேண்டும். பத்திரத்தில் 'கூட்டாளிகள் கலந்து பேசி முடிவு செய்யும் தொகை' என்று வழவழவென்று எழுதியிருந்தால் அதிகாரி ஏற்கமாட்டார். எவ்வளவு, எப்படிக் கணக்கிடுவது என்பது பத்திரத்திலேயே இருக்க வேண்டும். இன்னொன்று, 2025 ஏப்ரல் 1 முதல் கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளம், வட்டி ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி, பிடித்தாக வேண்டும். "என் கடையில் எனக்கே டிடிஎஸ்ஸா?" என்று கேட்பார்கள். ஆம். டிடிஎஸ் கட்டத் தேவையான டான் எண் வாங்காத சிறு நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் பட்டியலில் இருக்கும் கூட்டு நிறுவனங்களை எல்லாம் எடுத்து இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் பார்த்துவிடுங்கள்.

44ஏடியில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. கமிஷன் மண்டிக்காரர், காப்பீட்டு முகவர், தரகர் ஆகியோருக்கு இது கிடையாது. மண்டி வைத்திருப்பவரை வியாபாரி என்று நினைத்து இதில் போட்டுவிடுகிறோம். இரண்டாவது, ஒருமுறை உள்ளே வந்தால் ஐந்து ஆண்டு தொடர வேண்டும். நடுவில் "இந்த வருஷம் வியாபாரம் மந்தம், 4 சதவீதம் போடுங்கள்" என்று வெளியேறினால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் கதவு மூடிவிடும். வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால் கணக்கும் எழுத வேண்டும், தணிக்கையும் செய்ய வேண்டும். மூன்றாவது, எட்டும் ஆறும் குறைந்தபட்ச எண்கள். உண்மையில் சம்பாதித்தது அதற்கு மேல் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். எட்டு லட்சம் லாபம் காட்டியவர் அதே ஆண்டில் நாற்பது லட்சத்துக்கு ரொக்கமாக இடம் வாங்கினால், அந்தப் பத்திரம் துறையின் கணினிக்கு நம்மைவிட முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்து 43பி(எச்) பிரிவு. திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் தொழில் செய்வோர் இந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ வேலையோ வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்துவிட வேண்டும். கெடு தாண்டி, மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால் அந்தச் செலவு அந்த ஆண்டின் வருமானத்திலிருந்து கழியாது; பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழியும். ரிட்டர்ன் போடுவதற்குள் கொடுத்துவிட்டேன் என்ற சமாதானம் ஜிஎஸ்டி, பிஎஃப் பாக்கிக்குச் செல்லும், இதற்குச் செல்லாது.

முறையாகக் கணக்கு எழுதும் ஒரு பின்னலாடைக்காரருக்கு 10 லட்சம் லாபம். சாயப்பட்டறைக்கு 8 லட்சம் பாக்கி, 90 நாள் கடன் என்பது அந்தத் தொழிலின் பழக்கம். பட்டறை, உத்யம் என்னும் அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற சிறு நிறுவனம். விளைவாக அவருடைய வருமானம் 18 லட்சமாகிறது. ஒன்றும் இல்லாமல் போயிருக்க வேண்டிய வரி, செஸ் சேர்த்து 1 லட்சத்து 66 ஆயிரத்து 400 ரூபாய். அடுத்த ஆண்டு அந்த 8 லட்சம் கழியும், உண்மைதான். அடுத்த ஆண்டு லாபமே குறைவு என்றால் கழித்து என்ன பயன்?

ஆகவே ஜனவரியில் செய்ய வேண்டியது ஒரு பட்டியல். பாக்கி கொடுக்க வேண்டியவர்கள் யார் யார், அவர்களில் உத்யம் எண் உள்ளவர் யார், அதில் உற்பத்தியாளரும் சேவை செய்பவரும் யார், வெறும் வாங்கி விற்பவர் யார். வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் எண் இருந்தாலும் இந்த விதி பொருந்தாது. நடுத்தர நிறுவனத்துக்கும் பொருந்தாது. இந்தச் சல்லடையில் சலித்தால் பாக்கிப் பட்டியல் பாதியாகச் சுருங்கும். மீதியைக் கையிலிருக்கும் பணத்தில் முதலில் தீர்க்கச் சொல்லலாம். 15 நாள் என்பது 45 ஆக வேண்டுமானால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ஒரு பக்கக் காகிதம், ஒருவரும் போடுவதில்லை.

ரொக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. கணக்கு எழுதுபவர் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செலவு கழியாது. லாரிக்காரருக்கு மட்டும் 35,000. கைமாற்று 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். மைத்துனரிடம் அவசரத்துக்கு வாங்கியது என்று சொன்னால் நம் மனம் இளகும், சட்டத்தின் மனம் அவ்வளவு சீக்கிரம் இளகாது. 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே நிகழ்ச்சிக்கு ஒரே ஆளிடம் பல நாளில் பிரித்து வாங்கினாலும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கல்யாண மண்டபம், சமையல் ஒப்பந்தம், அலங்காரம் செய்யும் வாடிக்கையாளர்களிடம் இதை முகூர்த்த மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அபராதம், ரொக்கத்தை வாங்கியவர் தலையில்தான்.

இனித் தனிநபர்கள். 12 லட்சம் வரை வரி இல்லை என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து, ஓய்வூதியத்தில் தானாகக் கிடைக்கும் நிலைக்கழிவு போக 9 லட்சம்; ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்றதில் 3 லட்சம் லாபம். கூட்டினால் 12 லட்சம்தானே? 9 லட்சத்தின் வரிக்குத்தான் தள்ளுபடி. பங்கு லாபத்தில் 1 லட்சத்து 25 ஆயிரம் போக மீதிக்கு 12.5 சதவீதம், செஸ் சேர்த்து 22,750 ரூபாய் கட்ட வேண்டும். மார்ச்சுக்கு முன் கேட்டிருந்தால் விற்பனையை இரண்டு ஆண்டுகளாகப் பிரிக்கச் சொல்லியிருக்கலாம்.

ஒருவரின் வரவுகள், பரிவர்த்தனைகள் பற்றித் துறை தொகுத்து வைத்திருக்கும் ஏஐஎஸ் அறிக்கையைத் திறக்காமல் எந்த ரிட்டர்னையும் தொடாதீர்கள். அதே சமயம் அதை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டு வைப்புத்தொகையின் முழு வட்டியும் மகள் பெயரில் ஏறியிருக்கும், பணம் அம்மாவுடையதாக இருக்கும். அங்கேயே பின்னூட்டம் பதிவு செய்துவிட்டு, ஆதாரத்தைக் கோப்பில் வையுங்கள்.

கடைசியாக, கசப்பான ஒன்று. 2025 ஜூலையில் போலிக் கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தந்தவர்களைத் தேடி வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. பெயர் தெரியாத கட்சிகளுக்கு நன்கொடை, கட்டாத வீட்டு வாடகை, இல்லாத மருத்துவச் செலவு. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாமே ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய்ப் போலிக் கழிவுக் கோரிக்கைகளைக் கைவிட்டார்கள் என்று துறையே அறிவித்தது. ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுபவரிடமிருந்து உங்களிடம் மாறி வருகிறவரின் பழைய ரிட்டர்ன்களை முதல் நாளே பாருங்கள். தவறு இருந்தால் நான்கு ஆண்டு வரை புதுப்பித்த ரிட்டர்ன் போட வழி இருக்கிறது. முதல் ஆண்டில் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்குமேல் 25 சதவீதம் கூடுதல், பிறகு 50, 60, 70 என்று ஏறும். கசக்கும்தான். ஆனால் தவறான தகவல் கொடுத்ததாகத் துறை பிடித்தால் அபராதம் மட்டுமே வரியில் 200 சதவீதம்.

இப்படி மாறி வருபவரின் கணக்கைத் திறக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். பதிவான மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் பழைய ஆடிட்டருடையதாக இருக்கும். நோட்டீஸ் எல்லாம் இப்போது இணையத்தில்தான் வருகிறது, தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. பதில் சொல்ல வேண்டிய கெடு முடிந்து, வங்கிக் கணக்கு முடங்கிய பிறகே வாடிக்கையாளருக்கு விஷயம் தெரிகிறது. அவருடைய சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் முதன்மையாகப் போடுங்கள், உங்களுடையதை இரண்டாவதாக வையுங்கள். ரிட்டர்ன் அனுப்புமுன் வருமான விவரத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், கைபேசியில் வரும் ஒரு 'சரி' போதாது.

நேரம் கடந்துவிட்டதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். 43பி(எச்) பற்றிக் கேட்கக் கை தூக்கியிருப்பவர்கள் முதலில் கேளுங்கள்.