வாசலுக்கு நிபந்தனை இருந்தது, படிக்கட்டுக்கு இல்லை

அவையிலுள்ள பேராசிரியப் பெருமக்களுக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் வணக்கம்.

பெண்கள் மருத்துவம் படிக்கலாமா என்று இன்று எவரும் கேட்பதில்லை. படித்து முடித்தவர்கள் அதே கல்லூரியில் ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் சேர்ந்த பிறகு எந்தப் படியில் நின்றுவிடுகிறார்கள், ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பதே என் பேச்சின் பொருள். அதை அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மருத்துவமனையை 1889இல் திறந்துவிட்டது. மருத்துவப் பள்ளியைத் திறக்கத்தான் பணமில்லை. பல்கலைக்கழகத்தின் மூலதனம் பால்டிமோர் - ஒஹாயோ ரயில் நிறுவனத்தின் பங்குகளில் கிடந்தது. பங்காதாயம் நின்றுபோனதும் கஜானா வறண்டது. அந்த ரயில் நிறுவனத்தை நெடுங்காலம் நடத்தியவரின் மகள் மேரி எலிசபெத் காரெட், தோழியரோடு சேர்ந்து நிதி திரட்டினார். அறங்காவலர்கள் கேட்ட தொகைக்கு அது எட்டாதபோது, 1892இன் இறுதியில் தம் கைப்பணமாக மூன்று லட்சம் டாலருக்கு மேல் தந்தார். ஆண்களுக்கு உள்ள அதே விதிகளின்படி பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனை. அத்துடன், இளங்கலைப் பட்டமும் பிரெஞ்சு, ஜெர்மன் மொழிப் பயிற்சியும் இல்லாத எவரையும், ஆணாயினும் பெண்ணாயினும், சேர்க்கக் கூடாது என்றும் எழுதி வாங்கினார். நாம் பேராசிரியர்களாக உள்ளே வந்தது நல்லதாயிற்று, மாணவர்களாக வந்திருக்கவே முடியாது என்று வில்லியம் ஆஸ்லர் தம் சக பேராசிரியரிடம் வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவார்கள். 1893இல் பள்ளி திறந்தபோது முதல் வகுப்பில் மூன்று பெண்கள் இருந்தனர்.

அந்த வாசல் வழியாக வந்து 1900இல் பட்டம் பெற்றவர் ஃபுளோரன்ஸ் சாபின். 1902இல் உடற்கூறியல் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார். மூளைத்தண்டின் அமைப்பைப் பற்றி அவர் உருவாக்கிய படநூல் மாணவர்களின் பாடநூலாயிற்று. நிணநீர் நாளங்கள் கருவில் எவ்வாறு தோன்றுகின்றன என்ற அவருடைய ஆய்வு நாடு கடந்தும் பேசப்பட்டது. 1917 நவம்பரில் துறைத் தலைவர் ஃபிராங்க்ளின் மால் காலமானார். அடுத்த தலைவர் சாபின்தான் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். ஆனால் அந்த நாற்காலி லூயிஸ் வீட் என்பவருக்குப் போயிற்று. அவர் சாபினிடம் படித்தவர். சாபினுக்கு அப்போது வயது 46, அவருக்கு 31. வீட் தகுதியற்றவர் என்று நான் சொல்லவில்லை; தகுதி பற்றிய கேள்வியையே எவரும் எழுத்தில் கேட்கவும் இல்லை, எழுத்தில் பதில் சொல்லவும் இல்லை என்பதுதான் என் குறை. சாபினுக்குத் திசுவியல் பேராசிரியர் பதவி தரப்பட்டது. ஹாப்கின்ஸில் முழுப் பேராசிரியரான முதல் பெண் என்ற பெருமை அதனால் வந்தது. ஆய்வக அறை யாருக்கு, பணியிடம் யாருக்கு, நிதி யாருக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரம் வரவில்லை. எட்டாண்டுகள் கழித்து, 1925இல், அவர் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றார். அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக ஒரு பெண்ணை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெண் சாபின்தான்.

காரெட் வாசலுக்கு நிபந்தனை எழுதினார். படிக்கட்டுக்கும் ஒன்று தேவைப்படும் என்று 1892இல் யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஹார்வர்டின் கதை இன்னும் விந்தையானது. ஆலிஸ் ஹாமில்டன், ஈயம் உள்ளிட்ட தொழிற்சாலை நச்சுகளைப் பற்றி அந்நாட்டில் அவரளவு அறிந்தவர் வேறெவரும் இல்லை என்பதால் 1919இல் அங்கே உதவிப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழுவில் முதல் பெண் அவர். ஆனால் ஆசிரியர் மனமகிழ் மன்றத்துக்குள் அவர் நுழையக் கூடாது. பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் நடக்கக் கூடாது. கால்பந்தாட்டத்துக்கு ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் நுழைவுச்சீட்டையும் கேட்கக் கூடாது. கடைசி நிபந்தனையைக் கேட்டுச் சிரிப்பு வருகிறது. 1935இல் பணி ஓய்வு பெற்றபோதும் அவர் உதவிப் பேராசிரியராகவே இருந்தார் என்பதைக் கேட்டால் வராது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளி பெண்களை மாணவிகளாகச் சேர்த்தது 1945இல். நம் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்தது 1875இல். இந்த எழுபதாண்டு முந்துதலைச் சொல்லி நாம் பெருமைப்படலாம். ஆனால் அது வாசலைப் பற்றிய பெருமை மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவையெல்லாம் பழங்கதை, பெண்கள் நிறையப் படிக்க வந்துவிட்டால் மேற்பதவிகள் தாமாக நிரம்பிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்க மருத்துவப் பள்ளிகளில் 2019இல் மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்களாகிவிட்டார்கள். அதே காலத்தில் முழுப் பேராசிரியர்களில் அவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. துறைத் தலைவர்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பெண்கள் கணிசமாகப் படிக்கத் தொடங்கி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியும் நிலைமை இது. தாமாக நிரம்புவதற்கு இன்னும் எத்தனை தலைமுறை வேண்டும் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் 24 அரசு மருத்துவப் பள்ளிகளில் பணியாற்றும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களின் சம்பளத்தை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2016இல் வெளியாயிற்று. வயது, அனுபவம், சிறப்புத்துறை, பதவி நிலை, வெளியிட்ட ஆய்வுகள் ஆகியவற்றையெல்லாம் சமன்செய்து பார்த்த பிறகும் பெண்களுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய இருபதாயிரம் டாலர் குறைவாக இருந்தது. பிள்ளைப்பேறு, குடும்பப் பொறுப்பு என்று நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்களின் விளைவு பெரும்பாலும் பதவியிலும் வெளியீட்டு எண்ணிக்கையிலும் அல்லவா தெரியும்? அவற்றைக் கழித்த பிறகும் மிஞ்சுவதற்கு என்ன பெயர் சொல்வது? இந்தக் கணக்கைப் போட முடிந்ததே, அரசு ஊழியர் சம்பளத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க அந்த மாநிலங்களில் சட்டம் இருந்ததால்தான்.

அத்தகைய சட்டத்தின் அருமையை ஸ்வீடன் இன்னும் தெளிவாகக் காட்டியது. கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் வென்னரோஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரு ஆய்வாளர்கள், அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் குழு முனைவர் பட்டத்துக்குப் பின்னான உதவித்தொகைகளை எப்படி வழங்குகிறது என்று அறிய விரும்பினர். 1995இல் 114 பேர் விண்ணப்பித்தனர். அவர்களில் பெண்கள் 52 பேர். உதவித்தொகை கிடைத்த இருபது பேரில் பெண்கள் நால்வர். மதிப்பீட்டாளர்கள் இட்ட மதிப்பெண்களைக் காட்டுங்கள் என்று கேட்டபோது குழு மறுத்தது. விவகாரம் நீதிமன்றம் சென்றது. அவை பொது ஆவணங்களே என்று தீர்ப்பு வந்தது. கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவை வெளிவந்த இதழ்களின் தரத்தையும் கணக்கிட்டு, குழு இட்ட மதிப்பெண்ணோடு ஒப்பிட்டபோது, ஓர் ஆணுக்கு இணையான மதிப்பெண் பெற ஒரு பெண் இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. மிக அதிகமாகச் சாதித்த பெண்களுக்குக் கிடைத்த மதிப்பெண், மிகக் குறைவாகச் சாதித்த ஆண்களுக்குக் கிடைத்த அளவுதான். ஆண் பெண் சமத்துவத்தில் முதலிடம் என்று உலகம் மெச்சிய நாட்டில் நடந்தது இது. 1997இல் 'நேச்சர்' இதழில் இந்த முடிவுகள் வெளியாயின.

அந்த மதிப்பீட்டாளர்கள் பெண்களை வெறுத்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நம் தேர்வுக் குழுக்களில் அமர்பவர்களைப் போல நேர்மையாகவே நடப்பதாக நம்பியிருப்பார்கள். மூடிய அறையில் "இவர் சரியாக வருவார்" என்று தோன்றும் ஒரு எண்ணத்துக்கு மதிப்பெண் வடிவம் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவே. சாபினை விட்டு லூயிஸ் வீட் என்பவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஹாப்கின்ஸில் அந்த எண்ணத்தை எடுத்துப் பார்க்கக் காகிதம் இல்லை, ஸ்வீடனில் இருந்தது.

அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தது: குழு உறுப்பினர் எவருடனாவது தொழில்முறைத் தொடர்புடைய விண்ணப்பதாரருக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து வேறு இருவர் ஸ்வீடனில் அதே கணக்கை மீண்டும் போட்டார்கள். பெண் என்பதற்காக மதிப்பெண் குறையும் வழக்கம் மறைந்திருந்தது. தெரிந்தவருக்குக் கிடைத்த கூடுதல் மதிப்பெண் மட்டும் மறையவில்லை.