24 வருஷத்தைக் காணோம், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

'நல்ல பயிற்சியாளரை உருவாக்குவது களத்தில் பெற்ற புகழா, பெஞ்சில் பட்ட பாடா?' இதுதான் தலைப்பு. பட்ட பாடுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அமெரிக்கா வரை போய், அந்த ஊர் கால்பந்துப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நானும் அவரைத்தான் கூட்டிவருவதாக இருந்தேன். பயணச் செலவு மிச்சம், நன்றி.

அமெரிக்கக் கால்பந்து நம்ம ஊர் கால்பந்து இல்லை. பேர்தான் கால், வேலையெல்லாம் கைக்கு. அணியை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். பந்து அவர் கைக்கு வரும். எதிரணியின் மலை போன்ற ஆட்கள் மேலே வந்து விழுவதற்குள், யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடியில் முடிவு செய்ய வேண்டும். ஸ்பரியர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக்.

நண்பர் சொன்னது 1966 அக்டோபர் கதை. ஆபர்ன் அணியோடு ஆட்டம், 27-27 என்று சமநிலை, நேரம் முடியப்போகிறது. 40 கஜ தூரத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் வெற்றி. உதைப்பதற்கென்றே அணியில் ஓர் ஆள் இருக்கிறார். இவர், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிற மாதிரி போய் உதைத்தார். 30-27. கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பை அந்த வருஷம் அவருக்குத்தான். உண்மை, மறுக்கவில்லை. நண்பர் அடுத்த வரியிலேயே, "அந்தப் புகழோடு 1990-ல் அதே ஃபுளோரிடாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நடுவில் 24 வருஷத்தைக் காணோம், நடுவர் அவர்களே! அதைத் தேடித் தருவதுதான் என் வேலை.

1967-ல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டிநைனர்ஸ் அவரை மூன்றாவது ஆளாகத் தட்டிக்கொண்டு போனது. போன இடத்தில் ஜான் பிராடி என்று ஒரு மூத்த குவார்ட்டர்பேக், அசைக்க முடியாத ஆள். நாட்டிலேயே சிறந்தவன் என்று கோப்பை வாங்கியவருக்கு அங்கே கிடைத்த வேலை, பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துத் தள்ளுவது. மிச்ச நேரம் பெஞ்ச். இப்படி ஒன்பது சீசன். பெஞ்சில் இருக்கிற குவார்ட்டர்பேக் சும்மா இருக்க முடியாது. எந்த நிமிஷமும் கூப்பிடுவார்கள் என்பதால் மொத்த ஆட்டத்திட்டமும் தலையில் இருக்க வேண்டும். கூப்பிடத்தான் மாட்டார்கள்!

1972-ல் ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். பிராடிக்குக் காயம். ஸ்பரியர் உள்ளே வந்து அணியைப் பிரிவின் முதலிடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். டிசம்பரில் கடைசி லீக் ஆட்டம், மின்னசோட்டா வைக்கிங்ஸோடு. அணி பின்தங்கியிருக்கிறது. கடைசிக் கால் பகுதியில் ஸ்பரியரை வெளியே எடுத்துவிட்டு, காயம் ஆறி வந்த பிராடியை இறக்குகிறார்கள். அவர் இரண்டு டச் டவுன் எறிகிறார், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் இருக்கும் தன் ஆள் கைக்கு இரண்டு முறை பந்தைச் சேர்த்துப் புள்ளி வாங்குகிறார். 20-17 வெற்றி, பிரிவுப் பட்டம். வாரக்கணக்கில் சமைத்தவர் ஒருவர், பந்தியில் பரிமாறிப் பேர் வாங்கியவர் இன்னொருவர். அன்றைக்கு ஓரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் யார்? ஹைஸ்மன் கோப்பைக்காரர்.

அடுத்து 1976. புதிதாகத் தொடங்கிய டாம்பா பே அணிக்குத் தள்ளிவிட்டார்கள். 14 ஆட்டம், 14 தோல்வி. அதோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது. 1978-ல் தன் பழைய கல்லூரியிலேயே உதவிப் பயிற்சியாளர் வேலை. தலைமைப் பயிற்சியாளர் மாறினார், புதியவர் இவரை வைத்துக்கொள்ளவில்லை. புகழ்தான் வேலை செய்யும் என்றால், கோப்பை வாங்கிய அதே ஊரிலாவது செய்திருக்க வேண்டாமா?

அப்புறம் ஊர் ஊராகப் போய், தோற்றுப் பழகிய டியூக் பல்கலைக்கழகத்தை 1989-ல் லீக் பட்டத்தில் பங்கு வாங்க வைத்த பிறகுதான் ஃபுளோரிடா கூப்பிட்டது. 12 சீசனில் 122 வெற்றி, ஆறு லீக் பட்டம்.

பெஞ்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர் சிரிக்கிறார். 1996-ஐப் பாருங்கள். நவம்பர் கடைசியில் ஃபுளோரிடா ஸ்டேட் அணியிடம் 24-21 என்று தோல்வி. இவருடைய குவார்ட்டர்பேக் டேனி வெர்ஃபலைத் திரும்பத் திரும்பக் கீழே சாய்த்தார்கள். ஸ்பரியர் ஊரறியப் புலம்பினார், அது வேறு கதை. ஜனவரியில் அதே அணியோடு தேசியப் பட்டத்துக்கான ஆட்டம். இந்த முறை வெர்ஃபலைப் பந்துக்கு ஒட்டி நிற்கவிடாமல், நான்கைந்து கஜம் பின்னால் நிறுத்தினார். நிமிர்ந்து பார்க்க ஒரு நொடி கூடுதலாகக் கிடைத்தது. 52-20! அந்த ஒரு நொடியின் விலை யாருக்குத் தெரியும்? டாம்பாவில் 14 தோல்வி முழுக்க அடிவாங்கியவருக்குத் தெரியும்.

வெர்ஃபலுக்கும் அந்த சீசனில் ஹைஸ்மன் கிடைத்தது. ஹைஸ்மன் வாங்கிய ஒருவர் இன்னொரு ஹைஸ்மன் வீரரை உருவாக்கியது அதுவே முதல் தடவை. அந்தக் கோப்பையை 1935-லிருந்து கொடுக்கிறார்கள். புகழ்தான் பயிற்சியாளரை உருவாக்கும் என்றால் 61 வருஷம் ஏன் ஆனது? எதிரணியில் அடுத்து வருகிறவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

2002-ல் தொழில்முறை அணியான வாஷிங்டனுக்குப் போய் இரண்டு சீசனில் 12 வெற்றி, 20 தோல்வி என்று திரும்பினாரே என்பார்கள். ஆமாம், திரும்பினார். அங்கே போனபோது ஃபுளோரிடாவில் பெற்ற மொத்தப் புகழும் கூடவே போனது, அது உங்கள் கணக்கு. தோற்றுத் திரும்பித் தென் கரோலினாவில் உட்கார்ந்தார். 2011, 2012, 2013, மூன்று சீசனிலும் பதினொன்று பதினொன்றாக வெற்றி. அது எங்கள் கணக்கு.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். தீர்ப்பு எழுதும்போது ஹைஸ்மன் கோப்பையை எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள், நடுவர் அவர்களே. 1972 டிசம்பரில் அவர் ஓரத்தில் நின்ற அந்தக் கால் பகுதி மட்டும் எங்களுக்குப் போதும். வணக்கம்.