நாலரை விநாடித் தாளம்

நேயர்களுக்கு வணக்கம். பாடகர் ஒருவர் பல்லவியைப் பாட, ராப்பர் ஒருவர் நடுவில் புகுந்து வரிகளை அடுக்க, இரண்டும் சேர்ந்து ஒரே பாட்டாக வெளிவருவது இன்று உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்துக்குப் பெரிய கதவைத் திறந்துவிட்ட பாட்டு 1986இல் அமெரிக்காவில் வந்தது. ரன் டிஎம்சி என்ற ராப் குழுவும், ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் இருவரும் சேர்ந்து செய்த 'வாக் திஸ் வே'. அந்தப் பாட்டை எப்படிக் கட்டினார்கள், எங்கே இடறினார்கள், ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

பாடகரும் ராப்பரும் சேர்ந்தது இதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. 1984இலேயே சாக்கா கான் பாடிய 'ஐ ஃபீல் ஃபார் யூ' பாட்டில் மெல்லி மெல் ராப் செய்திருக்கிறார். அமெரிக்கப் பட்டியலில் 3ஆம் இடம்வரை போன பாட்டு அது. ஆனால் அங்கே ராப் வாசல் தோரணம் மாதிரி. அதை எடுத்துவிட்டாலும் வீடு நிற்கும். 'வாக் திஸ் வே'யில் அப்படி எதையும் எடுத்துவிட முடியாது. காரணம் அதன் தாளத்தில் இருக்கிறது.

ஏரோஸ்மித் இந்தப் பாட்டை முதலில் வெளியிட்டது 1975இல், 'டாய்ஸ் இன் தி அட்டிக்' என்ற ஆல்பத்தில். எழுதியவர்கள் பாடகர் ஸ்டீவன் டைலரும் கித்தார் கலைஞர் ஜோ பெர்ரியும். பாட்டு ஆரம்பிக்கும்போது ஜோயி கிரேமரின் டிரம்ஸ் மட்டும் தனியாக வரும். நான்கு அடி கொண்ட சுற்று இரண்டு, அதாவது எட்டு அடி. கையில் ஆதி தாளம் போட்டுப் பாருங்கள், சரியாக ஒரு ஆவர்த்தனம். அது முடிந்த கணத்தில் கித்தார் உள்ளே வந்துவிடும்.

நியூயார்க்கின் ராப் பையன்களுக்கு அந்த ஒரு ஆவர்த்தனம் போதுமாக இருந்தது. குயின்ஸ் பகுதியில் ஹாலிஸ் என்ற இடத்தைச் சேர்ந்தவர்கள் ரன் டிஎம்சி: ரன் என்கிற ஜோசஃப் சிம்மன்ஸ், டிஎம்சி என்கிற டாரில் மெக்டேனியல்ஸ், தட்டு சுழற்றும் ஜேசன் மிஸெல் என்கிற ஜாம் மாஸ்டர் ஜே. அவர்களுக்குப் பாட்டின் பெயரும் தெரியாது, குழுவின் பெயரும் தெரியாது. ஆல்பத்தின் தலைப்பைத்தான் குழுவின் பெயர் என்று நினைத்திருந்தார்கள். தெரிந்ததெல்லாம் அந்த டிரம்ஸ்தான்.

அதை எப்படி நீட்டினார்கள் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அந்தப் பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 108 அடி. எட்டு அடிக்கு ஏறக்குறைய 4.4 விநாடி. எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும், ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஆக, அந்த டிரம்ஸ் துண்டு தட்டின் மேல் சுமார் இரண்டரைச் சுற்று நீளம். டிஜே ஒரே ஆல்பத்தில் இரண்டு பிரதிகள் வைத்திருப்பார். முதல் தட்டில் துண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது தட்டை இரண்டரைச் சுற்று பின்னால் இழுக்க வேண்டும். காதுக்கருவியில் கேட்டு முதல் அடியில் ஊசியை நிறுத்தி, விரலால் பிடித்து வைத்திருந்து, எட்டாவது அடி முடிந்ததும் மிக்ஸரில் ஒலியை ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஃபேடரைத் தள்ளி அதே நொடியில் விரலை விட வேண்டும். அப்புறம் முதல் தட்டு. கையில் இருப்பது ஒவ்வொரு தடவையும் நாலரை விநாடிக்கும் குறைவு. துண்டு எங்கே தொடங்குகிறது என்று தெரிய லேபிளின் மேல் சின்னதாக ஒரு காகிதத்தை ஒட்டிக்கொள்வார்கள். தட்டு எளிதில் வழுக்க அடியில் மெல்லிய ஃபெல்ட் துணி விரித்திருக்கும். கால் விநாடி பிந்தினால் கித்தார் எட்டிப் பார்க்கும், முந்தினால் கடைசி அடி விழுங்கப்பட்டு ஆடுகிறவர்களின் கால் தடுமாறும்.

ரன் டிஎம்சி நினைத்திருந்ததும் அவ்வளவுதான். அந்த டிரம்ஸின் மேல் தங்கள் சொந்த வரிகளை ராப் செய்வது. தயாரிப்பாளர் ரிக் ரூபின்தான் குறுக்கிட்டார். துண்டு வேண்டாம், பாட்டு முழுவதையும் எடுங்கள், எழுதியவர்களையே கூப்பிடுவோம் என்றார். ராப் செய்கிற ரன், டிஎம்சி இருவருக்கும் அது பிடிக்கவில்லை. தட்டைப் போட்டுக் கேட்டு வரிகளை எழுதிக்கொள்ள உட்கார்ந்தபோது சொற்கள் அர்த்தமில்லாத உளறலாகத்தான் அவர்களுக்குப் பட்டன.

ஆனால் ரூபினின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. டைலர் முதலில் டிரம்ஸ் வாசித்தவர், பிறகுதான் பாட வந்தார். அதனால் அவருடைய வரிகள் ராகத்தின் மேல் நீந்தாமல் தாளத்தின் மேல் கொட்டும், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் மாதிரி. விநாடிக்கு ஐந்தாறு அசை விழும் நெருக்கம். ராப்பர் ஒருவர் சொல்வதற்கு ஏற்ற வரிகள் 1975இலேயே தயாராக இருந்தன. பார்த்தால் ராக்கும் ராப்பும் இரண்டு துருவம். இந்த ஒரு பாட்டில் மட்டும் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றாக அமைந்துவிட்டது. கூட்டுப் பாட்டுக்கு ஆள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பெரிய பெயர்களைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது இப்படி ஒரு பொது அடித்தளம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒலிப்பதிவு 1986 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. மன்ஹாட்டனில் மேஜிக் வென்ச்சர் என்ற ஸ்டூடியோ. டைலருக்கும் பெர்ரிக்கும் அன்றைய வேலைக்குப் பேசிய தொகை 8,000 டாலர் என்று சொல்வார்கள். ஏரோஸ்மித் அப்போது சரிந்து கிடந்தது. 1985இல் வந்த ஆல்பம் எடுபடவில்லை. குழு முழுவதும் வரவில்லை, இவர்கள் இருவர்தான். பேஸ் கித்தார் வேண்டும் என்றபோது அங்கே ஒன்றும் இல்லை. இரவல் வாங்கி அதையும் பெர்ரியே வாசித்தார்.

கித்தாரைப் புதிதாக வாசித்ததில் ஒரு தொழில் நுட்பம் இருக்கிறது. பழைய தட்டிலிருந்து டிரம்ஸை எடுத்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், யாருக்கும் தெரியாது. கித்தாரோடு எடுத்தால் வேகம் மாறும்போது சுருதியும் மாறும். சுமார் 6 சதவீதம் வேகம் கூடினாலே முழுதாக ஒரு அரைச்சுரம் ஏறிவிடும். அதன் மேல் ஒருவர் பாடினால் ஒட்டாது. மனிதர் வாசித்த தாளம் கொஞ்சம் மூச்சு வாங்கும், அதாவது வேகம் லேசாக ஏறி இறங்கும்; டிரம் மெஷின் வாங்காது. இரண்டையும் நீளமாக ஒன்றாக ஓட விட்டால் சில சுற்றுகளுக்குள் கால் பின்னிக்கொள்ளும். கித்தாரைப் புதிதாக வாசித்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, தட்டில் தேய்க்கிற சத்தத்தை வேண்டிய இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பெர்ரியின் அந்தக் கித்தார் மெட்டு மிகச் சின்னது. மேற்கத்திய இசையின் ஈ என்ற சுரத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் சுத்த மத்யமம், பிரதி மத்யமம், பஞ்சமம், அப்புறம் சட்ஜம். இரண்டு மத்யமங்களும் அடுத்தடுத்து வருவதால்தான் அதில் அந்த ஊர்ந்து ஏறுகிற குணம்.

ராப் வரிகள் முதல் பதிவில் சப்பென்று இருந்தன. பிடிக்காத வரிகளைக் காகிதத்தைப் பார்த்து ஒப்பித்தால் அப்படித்தான் இருக்கும். பிறகு மறுபடி பதிந்தார்கள். இந்த முறை வரிகளைத் தங்கள் பாணியில் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் தொடங்கினால் மற்றவர் பிடுங்கி முடிப்பார், வரியின் கடைசிச் சொல்லை இருவரும் சேர்ந்து சொல்வார்கள். இதில் மூச்சுக் கணக்கு இருக்கிறது. விநாடிக்கு ஐந்தாறு அசை என்றால் ஒரே ஆள் இரண்டு வரியில் காற்றுத் தீர்ந்துபோவார். இருவர் பிரித்துக்கொண்டால் ஒருவர் சொல்லும்போது மற்றவர் மூச்சு இழுத்துக்கொள்ளலாம், வேகம் விழாது. ரன்னின் குரல் கூர்மை, டிஎம்சியின் குரல் கனம். இரண்டுக்கும் மேலே டைலரின் கீச்சுக் குரல். மூன்றும் மூன்று உயரத்தில் நிற்பதால் ஒன்றையொன்று மறைப்பதில்லை.

மறைக்கக்கூடியது கித்தார்தான். கரகரப்பு ஏற்றிய கித்தாரின் ஒலி 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தை அடைத்துக்கொள்ளும். சொல்லின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதும் அதே இடத்தில்தான். கித்தாரை முழு வீச்சில் விட்டால் ராப் வெறும் சத்தமாகிவிடும். ரூபின் கழித்துக் கழித்துப் பாட்டு கட்டுகிறவர். 1985இல் எல்எல் கூல் ஜே என்ற ராப்பரின் ஆல்பத்தின் உறையில் 'தயாரித்தவர்' என்று போடாமல் 'குறைத்தவர்' என்றே தன் பெயரைப் போட்டுக்கொண்டவர். இங்கேயும் அதே கைதான். சொற்கள் ஓடும்போது தாளம் முன்னால், கித்தார் அடக்கம். பல்லவி வந்ததும் கித்தார் முழுதாகத் திறக்கிறது.

இந்தப் பாட்டு இடம்பெற்ற ரன் டிஎம்சியின் 'ரெய்சிங் ஹெல்' ஆல்பம் 1986 மே மாதம் வந்தது. ஜூலையில் பாட்டைத் தனித்தட்டாக விட்டார்கள். செப்டம்பரில் அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் 4ஆம் இடம். ராப் குழு ஒன்று அந்தப் பட்டியலில் அவ்வளவு மேலே ஏறியது அதுவரை நடக்காதது. மூலப் பாட்டே 1977இல் 10ஆம் இடத்தோடு நின்றிருந்தது. ஆல்பம் 3ஆம் இடம்வரை போனது.

இதில் வீடியோவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜான் ஸ்மால் இயக்கியது, நியூஜெர்சியின் யூனியன் சிட்டியில் ஒரு பழைய தியேட்டரில் எடுத்தது. பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரண்டு குழுக்கள், நடுவில் ஒரு சுவர். மைக் தாங்கியால் டைலர் சுவரை இடித்துத் தலையை நீட்டுகிறார். எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்பப் போட்டது. படத்தில் ராக் குழுவாகத் தெரிகிறவர்களில் அசல் ஏரோஸ்மித்காரர்கள் இருவர்தான், மற்றவர்கள் இடத்தை நிரப்ப வந்தவர்கள்.

பாராட்டு மட்டுமே வந்ததாக நினைக்க வேண்டாம். பாட்டு மேலே ஏறிக்கொண்டிருந்த ஆகஸ்ட் 17ஆம் தேதி, கலிபோர்னியாவின் லாங் பீச்சில் ரன் டிஎம்சி நிகழ்ச்சியில் கும்பல்கள் மோதிக்கொண்டு சுமார் 40 பேர் காயமடைந்தார்கள். பழி ராப் இசையின் மேல் விழுந்தது. மூன்று பையன்கள் மேல் அப்படிப் பழி போட்டது அநியாயம். இன்னொரு குறையும் எனக்கு உண்டு. ராக் கைகொடுத்துத்தான் ராப் மேலே வந்தது என்று பலர் எழுதினார்கள். நடந்ததைப் பார்த்தால் அப்போது கை தேவைப்பட்டது ஏரோஸ்மித்துக்கு. 1987இல் அவர்கள் அடுத்த ஆல்பத்தோடு பழைய இடத்துக்குத் திரும்பினார்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாட்டின் எழுத்துரிமை முழுவதும் டைலருக்கும் பெர்ரிக்கும்தான். வரிகளைப் பங்கிட்டுப் புது உயிர் கொடுத்த இருவருக்கும் அதில் பங்கு இல்லை, ஏனென்றால் புதிதாக எழுதவில்லை. அப்போதைய அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படை விகிதம் ஒரு பிரதிக்கு ஒரு பாட்டுக்கு 5 சென்ட். 10 லட்சம் பிரதிக்கு அந்த விகிதத்தில் 50,000 டாலர், எழுதியவர் பக்கத்துக்கு. அதன் பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் 8,000 டாலரை வைத்துப் பாருங்கள்.

இரண்டு பதிவுகளும் கிடைக்கின்றன. காதுக்கருவி மாட்டிக்கொண்டு 1975இன் பதிவை முதலில் கேளுங்கள், கையில் எட்டு அடி எண்ணிக்கொண்டே. எட்டு முடிந்து கித்தார் நுழையும் அந்த நொடியில்தான் ஹாலிஸ் பையன்கள் வருஷக்கணக்காகத் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து 1986இன் பதிவைப் போடுங்கள். ஜேயின் விரலுக்குக் கீழே அதே டிரம்ஸ் தேய்ந்து தேய்ந்து வரும். இந்தத் தடவை தட்டை யாரும் இழுக்கவில்லை, கித்தார் உள்ளே வருகிறது. வணக்கம்.