மூன்றடிக்கு இரண்டடி

எல்லோருக்கும் வணக்கம்.

சின்னக் குழந்தைகளை வளர்க்கும் அப்பா அம்மாக்கள், தாத்தா பாட்டிகள், மழலையர் பள்ளி ஆசிரியர்கள் என்று பலரும் வந்திருக்கிறீர்கள். குழந்தைகளும் இயற்கையும் என்று தலைப்பைப் பார்த்ததும் காடு, அருவி, பறவைகள் சரணாலயம் என்று எதையாவது எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதைப் பற்றித்தான். சுவரோரம் போகும் எறும்பு வரிசை, தொட்டிச் செடி, குழாயடியில் எப்போதும் ஈரமாகக் கிடக்கும் கல், இரவில் ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும் பல்லி. ஐந்து ஆறு வயது வரைக்கும் ஒரு குழந்தைக்கு இவை தாராளமாகப் போதும்.

இரண்டு வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்கூட இல்லை. நாம் தாண்டிப் போவதையெல்லாம் அது பார்க்கிறது. ஒரு நாள் காட்டுக்குக் கூட்டிப்போய் வரிசையாக ஐம்பது பறவைகளைக் காட்டினால் நம் ஆசை தீரும், அவ்வளவுதான். நேற்றுப் பார்த்தது இன்றைக்கு என்ன ஆயிற்று என்று ஓடிப்போய்ப் பார்க்க முடிகிற ஓர் இடம்தான் குழந்தைக்கு வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை போகிற இடத்தில் அது நடக்காது. அதனால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பக்கத்திலேயே ஒரு சின்ன இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள், குழந்தை நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

இந்த நிற்பதுதான் நமக்குக் கஷ்டம். தெருமுனை வரை போய் வரலாம் என்று கிளம்புகிறோம். நாலு வீடு தாண்டுவதற்குள் குழந்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறது. நாம் "வா, நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுக்கிறோம். எதற்கு நேரமாச்சு? உலாவத்தானே வந்தோம்! உட்கார்ந்த இடத்தில் பெரும்பாலும் எறும்பு இருக்கும். சரி, எறும்பிலிருந்தே தொடங்குவோம்.

எறும்பு வரிசையின் குறுக்கே விரலால் தரையை ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். தேய்த்த இடத்துக்கு வந்ததும் எறும்புகள் தடுமாறும். உணர்கொம்பை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடும், சில திரும்பிப் போகும், ஒன்றிரண்டு துணிந்து கடக்கும். கொஞ்ச நேரத்தில் வரிசை மறுபடி சேர்ந்துவிடும். எறும்புகள் தரையில் விட்டுப்போகும் வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வருபவை நடக்கின்றன. நாம் அந்த வாசனையை அழித்துவிட்டோம். இதைக் குழந்தைக்கு உடனே சொல்லிவிடாதீர்கள். "ஏன் நின்னுடுச்சு?" என்று அது கேட்கும். "கொஞ்சம் தள்ளி அழிச்சா அங்கேயும் நிக்குமா?" என்று திருப்பிக் கேளுங்கள். விரல் அதனிடமே இருக்கிறது, தானே செய்து பார்த்துக்கொள்ளும். நாலு வயதுக் குழந்தைக்கு இது முழுமையான ஒரு பரிசோதனை. நாம் முந்திக்கொண்டு விளக்கம் சொன்னால் அந்த வாய்ப்பைப் பறித்தவர்கள் ஆகிறோம். விளக்கம் எங்கும் ஓடிவிடாது, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு சின்ன லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் உணர்கொம்பால் தட்டிப் பார்த்துக்கொள்வது தெரியும். சில சமயம் இரண்டும் வாயோடு வாய் வைத்து நிற்கும். ஓர் எறும்பு தன் வயிற்றில் சேர்த்து வைத்திருக்கும் திரவ உணவை மற்றதற்குக் கொடுக்கிறது. தான் செரிப்பதற்கு ஓர் அறை, பிறருக்குக் கொடுக்க ஓர் அறை என்று அதன் வயிற்றில் இரண்டு உண்டு.

வீட்டைச் சுற்றி நடக்கும் இந்த வேலை குழந்தை விளையாட்டுத்தானே என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சார்லஸ் டார்வின் உலகத்தைச் சுற்றி வந்தவர் என்று நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு, 1842-இல் இங்கிலாந்தின் டவுன் என்ற கிராமத்து வீட்டில் குடியேறி, 1882-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பல சோதனைகளை வீட்டைச் சுற்றியே செய்தார். 1850-களில் அவருடைய தோட்டத்தில் ஆண் வண்டுத்தேனீக்கள் சில குறிப்பிட்ட இடங்களில் நின்று ரீங்கரித்துவிட்டு, அடுத்த இடத்துக்குப் பறப்பதைக் கவனித்தார். அவை போகும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஆளால் முடியாது. தன் குழந்தைகளை ஆளுக்கோர் இடத்தில் நிறுத்தினார். தேனீ வந்ததும் குழந்தை குரல் கொடுக்கும், அடுத்த இடத்தில் நிற்கும் குழந்தை தயாராகும். இப்படியே வழியை வரைந்துவிட்டார்கள். அந்தக் குழந்தைகள் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாகக் கத்தியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே டார்வின் மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்த்தார். தொட்டி மண்ணில் புழுக்களை வைத்து, விசில் ஊதினார்கள், பக்கத்தில் நின்று கத்தினார்கள், பாசூன் என்ற ஊதுகருவியை அவர் மகன் பலமாக வாசித்தார். பியானோவும் வாசித்தார்கள். புழுக்கள் அசையவில்லை. பிறகு அந்தத் தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும், புழுக்கள் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. சத்தம் கேட்பதில்லை, அதிர்வு மட்டும் உடம்பில் படுகிறது. 1881-இல் வந்த அவருடைய மண்புழு நூலில் இது இருக்கிறது. இதற்குப் பியானோ தேவையில்லை. ஈர மண் நிரப்பிய ஒரு தொட்டி போதும். இருட்டிய பிறகு புழு தலையை நீட்டும்போது குழந்தையைப் பக்கத்தில் நின்று கத்தச் சொல்லுங்கள். பிறகு தொட்டியின் ஓரத்தில் விரலால் தட்டச் சொல்லுங்கள். டார்ச்சை நேராக அடிக்க வேண்டாம், வெளிச்சத்துக்கே புழு உள்ளே போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய இன்னொரு சோதனை. மூன்றடி நீளம், இரண்டடி அகலம் உள்ள ஒரு துண்டு நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்துவிட்டு, தானாக முளைத்து வரும் களைச்செடிகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார். மொத்தம் 357 முளைத்தன. அவற்றில் 295 அழிந்துவிட்டன, பெரும்பாலும் நத்தை இனங்களும் பூச்சிகளும் தின்று. ஒரு கட்டில் அளவுகூட இல்லாத இடம் அது! உங்கள் வீட்டோரத்தில் இதே அளவுக்கு நாலு குச்சி நட்டு நூல் கட்டிவிடுங்கள். குழந்தைக்கு எண்ணத் தெரியாவிட்டால் என்ன, புதுமுளை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கூழாங்கல் வைக்கட்டும். கல் இருந்து செடி இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று அதுவே கேட்கும். நிலம் இல்லாதவர்கள் பழைய தொட்டியில் மண்ணைப் போட்டு, எதையும் விதைக்காமல் வெளியே வைத்துத் தண்ணீர் மட்டும் ஊற்றிப் பாருங்கள். யார் விதைத்தது என்று குழந்தை கேட்கும்போது காற்றையும் பறவையையும் பற்றிப் பேசலாம்.

பெயர் தெரியாதே என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் "எனக்கும் தெரியல, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். போனில் படம் பிடித்துப் பெயர் தேடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அதை வீட்டுக்குள் வந்த பிறகு செய்யுங்கள். போன் வெளியே வந்துவிட்டால் குழந்தையின் கண் போனுக்குப் போய்விடும்.

எலுமிச்சையோ அந்த இனத்துச் செடி ஏதாவதோ இருந்தால் இலைகளைத் தேடிப் பாருங்கள். பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் நகரும். அழகி வண்ணத்துப்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்த சிலவற்றின் இளம் புழு அது. பறவை தன் எச்சத்தைத் தின்னாது என்பதால் அந்த வேஷம். வளர்ந்த பிறகு பச்சையாகி இலையோடு இலையாகிவிடும். அப்போது ஒரு புல் நுனியால் மெதுவாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஓர் ஆரஞ்சு அல்லது சிவப்பு உறுப்பை நீட்டும், ஒரு நெடி வரும். குழந்தை பின்வாங்கிவிட்டு மறுபடி கிட்டே வரும். ஒரு தடவைக்கு மேல் தொட வேண்டாம், அதற்கும் அது சிரமம்தான்.

பிறகு ஒரு நாள் காலையில் புழு இருக்காது. பறவை தின்றிருக்கலாம், கூட்டுப்புழுவாக மாறத் தள்ளிப் போயிருக்கலாம். இந்த இடத்தில் பெரியவர்கள் பொய் சொல்லிவிடுகிறார்கள், புழு அதோட அம்மாகிட்ட போயிடுச்சு என்று. அப்படிச் சொல்லாதீர்கள். "பறவை சாப்பிட்டிருக்கும்" என்று சொன்னால் குழந்தை கொஞ்சம் வருத்தப்படும், பிறகு "பறவைக்குப் பசிச்சுதா?" என்று கேட்கும். சாவைப் பற்றிய முதல் பேச்சு ஒரு புழுவிலிருந்து தொடங்குவது நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பின்னாளில் வீட்டுக்குள் யாராவது இறக்கும்போது, அந்தக் குழந்தையிடம் பேச நம்மிடம் சில வார்த்தைகள் ஏற்கெனவே இருக்கும். கூட்டுப்புழு கிடைத்தாலும் எல்லாவற்றிலிருந்தும் வண்ணத்துப்பூச்சி வராது. சிலவற்றிலிருந்து சின்னக் குளவி வெளியே வரும். அதையும் உள்ளபடியே சொல்லுங்கள். வண்ணத்துப்பூச்சி வந்தால், சுருங்கிய சிறகு விரிந்து காயும்வரை யாரும் தொடக்கூடாது. உதவி செய்கிறேன் என்று இழுத்தால் சிறகு கெட்டுவிடும்.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். நாம் வீல் என்று கத்தினால் குழந்தை அந்தக் கத்தலைக் கற்றுக்கொள்கிறது. அதற்காக ஆபத்தை மறைக்கவும் கூடாது. மரவட்டை தொட்டால் சுருண்டுகொள்ளும், கடிக்காது, ஆனால் சில வகைகள் எரிச்சல் தரும் திரவத்தை விடும். பூரான் வேகமாக ஓடும், கடிக்கும். இந்த வித்தியாசத்தைப் படத்தில் காட்டாமல் நேரில் காட்டுங்கள். ஆயிரத்துக்கு மேல் கால்கள் உள்ள மரவட்டை ஒன்று 2021-இல்தான் முதன்முதலாக ஆஸ்திரேலியாவில் பதிவானது, அதற்கு 1,306 கால்கள். உங்கள் வாசலில் இருப்பதற்கு அவ்வளவு இருக்காது, ஆனால் அலையலையாகக் கால்கள் நகரும் விதம் அதேதான். கல்லைப் புரட்டும் வேலை பெரியவருடையது. நம் பக்கமிருக்கும் விளிம்பைத் தரையிலேயே விட்டு, எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்க வேண்டும், உள்ளே இருப்பது நம் மேல் பாயாமல் அப்பால் ஓடும். பொந்துக்குள் கை விடக்கூடாது, மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியைத் தொடக்கூடாது, தெரியாத காயையும் காளானையும் வாயில் வைக்கக்கூடாது, திரும்பி வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் சின்னக் குழந்தையை ஒரு நொடிகூடத் தனியே விடாதீர்கள், முழங்கால் ஆழமாக இருந்தாலும்.

வெளியே இருப்பது கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சௌ நகரில் 2010-இலிருந்து மூன்று ஆண்டுகள், முதல் வகுப்புக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளிநேரம் கொடுத்தார்கள். அவர்களில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. கொடுக்காதவர்களில் 39.5 சதவீதம்.

அடுக்குமாடியில் இருக்கிறோம், மண்ணே கிடையாது என்று சிலர் நினைப்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே பல்லி ஒட்டியிருக்கும்போது உள்ளேயிருந்து அதன் விரல்களைப் பாருங்கள். அடிப்பக்கத்தில் வரி வரியாகத் தெரியும். அதில் பசை கிடையாது, லென்ஸுக்கும் தெரியாத நுண்மயிர்கள் லட்சக்கணக்கில் உண்டு. கண்ணாடிக்கும் அவற்றுக்கும் இடையே உள்ள மூலக்கூறு ஈர்ப்புதான் பல்லியைப் பிடித்து வைத்திருக்கிறது. வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். காத்திருந்தால் பார்க்கலாம்.

அப்புறம் நிலா இருக்கவே இருக்கிறது. அது நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. வளர்பிறையில் சாயங்காலம் பார்க்கக் கிடைக்கும். பௌர்ணமி தாண்டினால் அது எழுவதற்குள் குழந்தை தூங்கிவிடும், அப்போது காலையில் தேடுங்கள். பௌர்ணமிக்கு மூன்று நாள் கழித்து, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மேற்கே வெளுத்துப்போன நிலா நிற்கும். சூரியன் பக்கம் மட்டும் நேராகப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அந்த வாரம் முழுக்கக் கதவைத் திறந்ததும் நிலா எங்கே என்று கேளுங்கள். ஒவ்வொரு நாளும் அது இளைத்துக்கொண்டே சூரியன் இருக்கும் பக்கம் நகர்ந்து வருவதைக் குழந்தை தானாகவே கண்டுபிடித்து உங்களிடம் சொல்லும்.