கரை கடந்த பிறகுதான் நமக்கு மழை

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கக் கடலில் புயல் என்றாலே நமக்குக் கடலூர், நாகப்பட்டினம், சென்னைதான் நினைவுக்கு வரும். “புயல் கரையைக் கடந்தது” என்று செய்தியில் சொன்னதும், தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருக்கிற நாம் அப்பாடா என்று ரேடியோவை அணைத்துவிடுகிறோம். தயவுசெய்து அணைக்காதீர்கள். நமக்கான மழை பெரும்பாலும் அதற்கப்புறம்தான் வருகிறது.

வங்கக் கடலில் ஆண்டுக்கு இரண்டு புயல் காலம். கோடையில் உருவாகிறவை பெரும்பாலும் ஒடிசா, வங்கதேசம் பக்கம் போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவைதான் நம்மைத் தேடி வருபவை.

2024 ஃபெஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய புயல், நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. கடலின் வெப்பம் கிடைக்காமல் காற்று தளர்ந்தது. ஆனால் ஈரம் குறையவில்லை. மெல்ல மேற்கே நம் பக்கம் வந்தது. ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறினால் மழை இன்னும் வலுக்கும். நமக்கோ ஜவ்வாது மலையும் சித்தேரி மலையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் அரூரில் 33 செ.மீ., ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை! 20 செ.மீ.-ஐத் தாண்டினாலே வானிலைத் துறை அதை அதிகனமழை என்கிறது. ஆண்டு முழுக்கவே 80, 85 செ.மீ. பார்க்கிற பூமி இது. 50 செ.மீ. என்றால் ஒரு ஏக்கர் நிலத்தில் 20 லட்சம் லிட்டர். கோடையில் நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் போட்டால், ஏக்கருக்கு சுமார் 170 லாரி. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வந்த வெள்ளம், சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதில் வியப்பென்ன?

அந்தத் தண்ணீர் இங்கேயே நிற்கவுமில்லை. தென்பெண்ணையில் இறங்கி சாத்தனூர் அணைக்குப் போனது. நள்ளிரவில் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட வேண்டியதாயிற்று. விழுப்புரம், கடலூர் மாவட்டத்து மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். நம் மேட்டில் பெய்த மழை, அவர்கள் வீட்டுக்குள் புகுந்தது. இதை நினைத்தால் இன்றும் மனசு கலங்குகிறது.

ஆகவே அறிக்கையில் காற்றின் வேகத்தோடு, புயல் நகரும் வேகத்தையும் கவனியுங்கள். மெதுவாக நகர்கிறது, ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் உஷாராகிவிடுங்கள். கரை கடந்தபின் இரண்டு நாளாவது செய்தி கேளுங்கள். மரவள்ளி வயலில் வடிகால் வெட்டி வையுங்கள். ஏரியில் மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கோடிவாய்க்காலில் மண்டிய முள்ளை ஐப்பசிக்கு முன்பே ஊர்கூடி எடுத்துவிடுங்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால், முழங்கால் அளவுதானே என்று வண்டியை இறக்காதீர்கள். ஏரிக்கரையில் கசிவு தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நேரமே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.