நாரின் குணமும் பாவையின் குணமும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

இந்த ஒலிப்பதிவு அறைக்கு வரும்போது என் பையில் ஒரு பொம்மையை எடுத்து வந்திருக்கிறேன். வானொலியில் அவளைக் காட்ட வழியில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரம். உடம்பும் பாவாடையும் வாழைநார், தலை, இலவம் பஞ்சை உருட்டிப் பருத்தித் துணியில் பொதிந்தது, முடி தென்னைநார். தோள்களில் இரண்டு சிறகுகள் உண்டு. அவை அரச இலைகள்தாம். ஏறக்குறைய ஒரு மாதம் தண்ணீரில் ஊறப்போட்டு, அழுகிய சதையை மெல்லிய தூரிகையால் தள்ளிவிட்டால் நரம்புகள் மட்டும் வலைபோல் எஞ்சி நிற்கும் அல்லவா, பள்ளி நாட்களில் புத்தகத்துக்குள் வைத்திருப்போமே, அந்த இலை. இவளுக்குப் பேச்சி என்று பெயர். இப்போது இவளுடைய பாவாடையை ஒலிவாங்கியின் அருகே அசைக்கிறேன், கேளுங்கள். இந்தச் சரசரப்பு காதில் விழுந்த பிறகுதான் இவளுக்கு அந்தப் பெயர் வந்தது. வாய்க்கால் திரும்பும் இடத்தில், வாழைத் தூருக்கு அடியில் குடியிருப்பவள். எதையும் மறைத்துவைக்கத் தெரியாதவள். யாராவது ஒரு இரகசியத்தைச் சொன்னால், அதை வெளியே சொல்லாமல் இருக்கவேண்டுமே என்று இரவெல்லாம் புரண்டுகொண்டிருப்பவள்.

காவிரிக்கரையில் உள்ள எங்கள் ஊரில் இருபது ஆண்டுகளாக இத்தகைய தேவதைப் பொம்மைகளைச் செய்துவருகிறேன். பார்க்க வருகிறவர்கள் பொம்மையைப் பாராட்டுவார்கள், ஆனால், "அதற்கு எதற்குக் குணமும் கதையும்? விற்பதற்காகச் சேர்த்ததா?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கு நான் கண்டறிந்த பதிலைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன். குணத்தை நான் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவதில்லை. பெரும்பகுதி நாரிலேயே இருக்கிறது; அதைக் கவனிக்காமல் செய்த பொம்மை எதுவும் எனக்குச் சரியாக அமைந்ததில்லை.

வாழைநாரையே எடுத்துக்கொள்வோம். வாழை ஒருமுறைதான் குலை தள்ளும். குலையை வெட்டியபின் தாய்மரம் சாய்க்கப்பட்டு, பக்கக்கன்று அதன் இடத்துக்கு வருகிறது. சாய்ந்த மரத்தின் பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்தால், வெளிப்பட்டையில் முரட்டு நாரும், உள்ளே போகப் போக வெண்மையும் மெருகும் கூடிய மெல்லிய நாரும் கிடைக்கும். பட்டையைப் பலகையில் வைத்து மழுங்கிய தகட்டால் சுரண்டும்போது சாறும் சதையும் வழிந்துபோய், கையில் நார் மட்டும் நிற்கும். அந்தச் சாறு துணியில் பட்டால் கறை போகவே போகாது. என்னுடைய பழைய புடவைகளில் பாதி அதற்குச் சாட்சி. நாரை நிழலில் உலர்த்தவேண்டும். உலர்ந்தபின் அதன் பிடிவாதம் தெரியும். ஈரப்படுத்தாமல் முடிச்சிட்டால் நீளவாக்கில் பிளந்துகொள்ளும். மடக்கி வைத்தால் மெல்ல மெல்லத் தன் நேர்மைக்கே திரும்பும். பேச்சியின் கைகளை மார்போடு சேர்த்து, அடக்கமான பெண்ணாக நிறுத்தவேண்டும் என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். நூலால் கட்டிவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் கட்டு நழுவி, இரண்டு கைகளும் விரிந்து, யாரையோ வாசலில் வரவேற்பதுபோல் நின்றுகொண்டிருந்தாள். அதற்குமேல் அவளை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

இலவம் பஞ்சு வேறு இனம். இலவு காத்த கிளியைப் பற்றிப் பேசும் நாம், அந்தக் கிளிக்குக் கிடைக்காமல் பறந்துபோன பஞ்சைச் சற்றுக் கவனித்துப் பார்ப்பதில்லை. அதன் ஒவ்வொரு இழையும் உள்ளே காற்றை அடைத்துவைத்த குழல். மேலே மெழுகுத் தன்மை இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. வழுவழுப்பு மிகுதியால் தனியாக நூற்கவும் வராது. எதிலாவது பொதிந்து வைத்தால் ஒழிய அது ஓரிடத்தில் நிற்காது. ஆகவே இலவத்தில் பிறக்கும் என் தேவதைகள் எல்லாம் பயணிகள். வந்த ஊரின் பெயரை மறந்துவிடுகிறவர்கள். தென்னைநாரோ தானாகவே சுருண்டு, யாருடைய சீப்புக்கும் அடங்காதது. அதைத் தலைமுடியாகப் பெற்றவள் சற்றுச் சிடுசிடுப்பானவளாகத்தான் இருக்க முடியும். பருத்தியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லோருடனும் ஒத்துப்போகும் இயல்புடையது. அதனாலேயே எல்லாப் பொம்மைகளிலும் சிறிதளவு இருக்கிறது.

கோரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஆற்றோரத்திலும் குளக்கரையிலும் வளர்ந்து, பாயாக நம் வீடுகளுக்குள் வந்த இந்தப் புல்தான், தமிழில் நமக்குப் பெயர் தெரிந்த மிகப் பழைய நார்ப் பொம்மையின் உடம்பு. சங்க காலப் பெண்கள் பசுங்கோரையைக் கிழித்துப் பாவை செய்து விளையாடினார்கள். அதற்குப் பைஞ்சாய்ப் பாவை என்று பெயர். ஐங்குறுநூற்றில், நெய்தல் நிலத்துத் தலைவி ஒருத்தி, தன் துறைவனுக்குத் தான் பைஞ்சாய்ப் பாவையை ஈன்றதாகச் சொல்லுகிறாள். செய்தேன் என்று சொல்லவில்லை, ஈன்றனென் என்கிறாள். ஒரு புல்பொம்மையை முன்னிறுத்தி, தன் வாழ்வில் நிறைவேறாத ஒன்றைப் பேச அவளுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது. முதன்முறை அந்த வரியைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. பொம்மைக்கு உயிரும் உறவும் கற்பிக்கும் வழக்கத்தைப் படக்கதைகளிலிருந்து கடன் வாங்கியிருக்கிறேனோ என்று அதுவரை எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது. அது அன்றோடு போயிற்று.

ஆனால் கோரை எனக்குக் கொடுத்த பாடமும் சிறியதன்று. சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், ஒரு கடைக்காரர் நாற்பது கோரைப் பொம்மைகள் கேட்டிருந்தார். அடைமழை. கோரை கைக்கு உலர்ந்ததாகத் தோன்றியது. உள்ளே ஈரம் இருந்தது. பொறுமையின்றி ஒவ்வொன்றையும் கண்ணாடித்தாள் உறையில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டேன். பத்தே நாளில் பெட்டி திரும்பி வந்தது. திறந்தபோது நாற்பது தேவதைகளின் முகத்திலும் கழுத்திலும் சாம்பல் நிறப் பூசணம் பிடித்திருந்தது. கொல்லையில் போட்டு எரிக்கும்போது கண்ணீர் வந்ததை இங்கே சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அன்றுமுதல் மழைக்காலத்தில் கோரையைத் தொடுவதில்லை. எந்தப் பொம்மையையும் காற்றுப் புகாத உறையில் அடைப்பதுமில்லை. நாருக்கும் மூச்சு வேண்டும்.

தேவதை என்ற சொல்லையும் ஒரு நிமிடம் பார்ப்போம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நம் பிள்ளைகளுக்கு வெள்ளை உடையும் மந்திரக்கோலும்தான் நினைவுக்கு வருகின்றன. அது ஐரோப்பியக் கதைகளிலிருந்து வந்த உருவம். அழகானதுதான், அதன்மேல் எனக்குக் குறையில்லை, என் பொம்மைகளுக்குச் சிறகு வந்ததும் அங்கிருந்துதான். ஆனாலும் ஏரிக்கரையில் ஏழு கற்களாக நிற்கும் கன்னிமாரும், மலையிலும் நீர்த்துறையிலும் உறைவதாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் அணங்கும் நமக்கு உண்டு. கொல்லிமலையில் ஒரு பாவை இருந்ததாக அந்தப் பாடல்கள் கூறுகின்றன. காற்று மோதினாலும், கடுமழை பொழிந்தாலும், இடி விழுந்தாலும், நிலமே பெயர்ந்தாலும் தன் அழகு கெடாதவள் என்று நற்றிணை அவளை வருணிக்கிறது. நான் செய்கிறவர்கள் அவளுக்கு நேர் எதிரானவர்கள். மஞ்சளில் தோய்த்த பாவாடை வெயில் பட்டால் சில வாரங்களில் வெளுக்கும். பசுங்கோரை வைக்கோல் நிறமாகும். வாழைநார் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன்நிறம் கொள்ளும். ஆகையால் ஒரு பொம்மைக்குக் குணத்தை எண்ணும்போதே அவளுடைய முதுமையையும் சேர்த்து எண்ணிக்கொள்கிறேன். கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கருப்புச் சாயத்தை, மாறாத பிடிப்புள்ளவளாக நான் நினைப்பவளுக்குக் கொடுப்பேன். மஞ்சளை, இளமையில் ஆரவாரமாக இருந்து பிறகு அமைதி அடையப்போகிறவளுக்குக் கொடுப்பேன்.

என் பொம்மைகளுக்கு முகம் வரைவதில்லை. இது நான் கண்டுபிடித்த வழக்கம் அன்று. இரோக்குவா என்று வெளியார் அழைக்கும் வட அமெரிக்கத் தொல்குடியினரான ஹோடனோஷோனி மக்கள், மக்காச்சோளக் கதிரின் உறையில் செய்யும் பொம்மைக்கு முகம் வைப்பதில்லை. முதல் பொம்மை தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துத் தன் அழகிலேயே மயங்கி, பிள்ளைகளைக் கவனிக்கும் கடமையை மறந்ததால் அவளுடைய முகம் பறிக்கப்பட்டது என்பது அவர்களிடையே வழங்கும் கதை. உக்ரைன் நாட்டில் துணியையும் நூலையும் சுற்றிச் சுற்றியே செய்யும் மோத்தாங்கா பொம்மைக்கும் முகம் கிடையாது. சிலவற்றில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வண்ணநூலால் சிலுவை வடிவம் மட்டும் இருக்கும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1919ஆம் ஆண்டு தொடங்கிய வால்டார்ஃப் பள்ளிக் கல்விமுறையை ஒட்டி வளர்ந்த பொம்மைகளில், ஆட்டுக் கம்பளியைத் திணித்த உருண்டைத் தலையில் கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கீற்று, அவ்வளவுதான். சிரிக்கும் முகத்தை வரைந்துவிட்டால், குழந்தை அழும்போதும் அந்தப் பொம்மை சிரித்துக்கொண்டே இருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நான் கேட்ட காரணங்களில் இதைவிடச் சரியான ஒன்று இல்லை.

ஒவ்வொரு பொம்மையுடனும் ஒரு சிறு தாளில் மூன்று நான்கு வரிகள் எழுதி வைப்பேன்: பெயர், இருப்பிடம், பிடித்தது, பயப்படுவது. அதற்குமேல் எழுதுவதில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமிக்குச் சென்ற ஆண்டு இலவம் பஞ்சில் செய்த ஒருத்தியைக் கொடுத்தேன். ஊர் ஊராகப் போகிறவள், காற்று நின்றுவிட்டால் பயப்படுவாள் என்று தாளில் எழுதியிருந்தேன். ஒரு மாதம் கழித்து வந்த சிறுமி, "அத்தை, நீங்க எழுதினது தப்பு. அவளுக்குப் பயணமெல்லாம் பிடிக்காது. தொலைஞ்சுபோன பொருளைத் தேடித்தான் அலையுறா, கிடைச்சா வீட்டுக்குப் போயிடுவா" என்றாள். என்ன தொலைந்தது என்று கேட்டேன். அதை அவள் யாருக்கும் சொல்வதில்லையாம். தாளை வாங்கி, நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அவள் சொன்னதை அவள் கையாலேயே எழுதச் செய்தேன். பஞ்சின் அலைச்சல் அப்படியே இருக்கிறது பாருங்கள். அலைவதற்கான காரணத்தைத்தான் அவள் மாற்றினாள்.

உங்கள் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். பூக்காரரிடமிருந்து வரும் சரத்தில் இருக்கும் வாழைநார் போதும். இல்லையென்றால் அவரிடமே ஒரு பிடி கேளுங்கள், கொடுப்பார். கால்மணி நேரம் தண்ணீரில் நனைத்து, நடுவில் மடித்து, மடிப்புக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு நூலால் இறுக்கினால் தலையும் கழுத்தும் ஆயிற்று. இருபுறமும் சில இழைகளைப் பிரித்து நுனியில் கட்டினால் கைகள். இடுப்பைக் கட்டி, மீதி நாரை விரித்துவிட்டால் பாவாடை. ஓர் இரவு முழுவதும் நிழலில் உலரட்டும். மறுநாள் காலையில் அவள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாள், கை எவ்வளவு விரிந்திருக்கிறது, அசைத்தால் என்ன ஓசை வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பெயர் வையுங்கள். அதுவரை பொறுத்திருங்கள்.

பேச்சி மறுபடி பைக்குள் போகிறாள். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், செவிமடுத்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.